திலகா சித்திக்கு ஒரு திரை

3 மார்ச் 2025, திங்கள்

தேர்வு எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் கேமரன் மலைத் தேயிலை எஸ்டேட்டில் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள்: 'நீ சும்மாதானே இருக்க'. இன்று காலையிலிருந்து ஏழு பேர் என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டார்கள். பதிலுக்கு லயத்து வீடுகளின் பொதுக் குழாய் மேல் 'இன்று குளிர்ந்த நீர் மட்டும்' என்று ஆபீஸ் எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன். இந்தக் குழாயில் என்றைக்குச் சுடுநீர் வந்தது? இருந்தும் இரண்டு பேர் ஆபீஸ் கிராணியிடம் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

நல்ல நாளாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் அம்மா சோறு போட்டபடி சொன்னாள்.

"அடுத்த மாசம் ஒண்ணாந் தேதியிலேர்ந்து ஒங்க சித்திய டிரையர்ல வைக்க மாட்டாங்களாம். தூள்ல குச்சி பொறுக்கற மேசைக்கு மாத்துறாங்க."

"ஏன்?"

"காது கேக்கலையாம். மணி அடிச்சாத் திரும்பறதில்லையாம்."



திலகா சித்தி அம்மாவின் தங்கை. தொழிற்சாலையில் இலையைக் காயவைக்கிற டிரையர் பதினான்கு வருடமாக அவள் கையில். அங்கே ரோலர் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, பேச்செல்லாம் மணிதான். ஒரு தடவை அடித்தால் அடுத்த வண்டி இலை வருகிறது. இரண்டு தடவை என்றால் இலை போடுவதைக் குறை. விடாமல் அடித்தால் சூடு எகிறிவிட்டது, அடுப்பை அடக்கு.

அவளுக்குக் கேட்கவில்லை என்பது எப்படி வெளியே வந்தது என்று எனக்குத் தெரியும். போன மாதம் அந்த மணியைப் போனில் பதிந்து, ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கூடைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, விடாமல் அடிக்கவிட்டேன். எல்லாரும் டிரையரைப் பார்த்து ஓடினார்கள். சித்தி மட்டும் தட்டில் இலையைப் பரப்பிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையைக் கவனிக்கிற டீ மேக்கர் நாகரத்தினம் ஐயா அவளையே பார்த்தபடி நின்றார். ஸ்பீக்கர் யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

என் சேட்டைக்கு அசராத ஒரே ஆள் சித்தி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அசராததற்குக் காரணம் இதுதானா?

4 மார்ச்

குழாய் அறிவிப்பை நானே போய்க் கிழித்தேன்.

6 மார்ச், வியாழன்

நாகரத்தினம் ஐயாவின் அறைக்குப் போனேன். பெயரில் நாகமும் இருக்கிறது, ரத்தினமும் இருக்கிறது. எது வெளியே வரும் என்பது அன்றைய தேயிலைத் தூளின் நிறத்தைப் பொறுத்தது. இன்று தூள் சுமார்.

"சிவப்பு பல்பு ஒண்ணு போடலாமே, ஐயா?"

"பழைய டிரையர்லயே போட்டுப் பாத்தாச்சு. குனிஞ்சு தட்டுல கை வைக்கறப்ப மின்னி நின்னுட்டா? ஒண்ணா ரெண்டான்னு யாரு எண்றது?"

"அப்ப எழுத்துல காட்டுற திரை. எத்தன தடவ அடிச்சுச்சுன்னு காட்டும். சித்தி பட்டன அமுக்கற வரைக்கும் அழியாது."

"யாரு செய்வா?"

"நான்தான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழாய்ல நோட்டீஸ் ஒட்டுன அதே 'நான்'தானா?"

தரையைப் பார்த்தேன். ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள காட்டு. அதுக்குள்ள ஆகலன்னா மாத்துறது மாத்துறதுதான். வெளையாட்டுக்கு எனக்கு நேரமில்ல, சசிரேகா."

என்னை யாரும் முழுப் பெயரில் கூப்பிடுவதில்லை. ரத்தினம் இல்லை, நாகம்தான்.

9 மார்ச், ஞாயிறு

தானா ராத்தா. எல்வின் அப்பாவின் போன் ரிப்பேர்க் கடை. எல்வின் என்னோடு படித்தவன். என் சேட்டைகளில் பாதிக்கு அவன் கூட்டாளி, மீதிப் பாதிக்கு அவன்தான் பலி. பள்ளி ரோபோ கிளப்பில் பரிசாகக் கிடைத்த சின்ன கம்ப்யூட்டர் போர்டு என்னிடம் இருக்கிறது. அதற்கு ஒரு திரை வேண்டும்.

சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் எடுக்கிற மெஷின் ஒன்றைப் பிரித்து, ஏழு அங்குலத் திரையைத் தூக்கிக் காட்டினான். பின்னால் ரிப்பன் மாதிரி தட்டையான ஒரு வயர்.

"இது ரோசாக் இல்லலா. மெஷின்தான் ரோசாக், கெட்டுப்போச்சு. மூஞ்சி நல்லாத்தான் இருக்கு."

"ஒனக்கு அப்படியே நேர்மாறு," என்றேன்.

அவன் யோசித்து முடிப்பதற்குள் திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

11 மார்ச்

மாட்டினேன். கறுப்பு. கழற்றி மாட்டினேன். அதே கறுப்பு.

வீட்டு டிவியை வயரில் மாட்டினால், அது தன் ஊர், பேர், அகலம், உயரம் எல்லாம் தானே ஒப்பித்துவிடும். இந்த ரிப்பன் வயர்த் திரை அப்படி இல்லை, வாயே திறக்காது. எந்த இடத்தில் என்ன திரை மாட்டியிருக்கிறது, அதன் வெளிச்சத்துக்கு எந்த வயர், எழுப்பிவிட எந்த வயர் என்று நாம்தான் போர்டுக்கு ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டும். அந்தக் கோப்புக்குப் பெயர் டிவைஸ் ட்ரீ. பெயர்தான் மரம். கிளை கிளையாக இருக்கிறது, ஒரு இலைகூட இல்லை. எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்க முடியாத மரம் இது ஒன்றுதான்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "கறுப்பா இருக்கே?"

"கறுப்பாத்தான் ஆரம்பிக்கும்."

"நீ பொறந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க," என்று போய்விட்டாள். எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று ஊரார் கேட்கிறார்கள்.

14 மார்ச், வெள்ளி

வெளிச்சம் வந்துவிட்டது. படம் வரவில்லை. வெறும் வெள்ளை, கேமரன் காலைப் பனி மாதிரி.

மூன்று நாள் தலையைச் சொறிந்த பிறகு கண்டுபிடித்தது இது. போர்டின் பக்கம் ஒரு முனை, திரையின் பக்கம் ஒரு முனை. போர்டின் முனையில் 'என் எதிர்முனை அந்தத் திரை' என்று எழுதியிருந்தேன். திரையின் முனையில் பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் காட்டினால்தான் இணைப்பு. பெண் வீட்டார் மட்டும் வந்து உட்கார்ந்தால் நிச்சயம் நடந்துவிடுமா?

அதை எழுதியும் வரவில்லை. இன்னும் மேலே, படம் அனுப்புகிற பகுதிக்கு எதிரே 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரி. அதில் 'டிஸேபிள்ட்' என்று இருந்தது. பகுதி நல்லாத்தான் இருக்கிறது, வேலை செய்யவும் தெரியும். ஆனால் கோப்பில் அந்த ஒரு வார்த்தை இருக்கும்வரை யாரும் அதைக் கூப்பிட மாட்டார்கள்.

'ஓகே' என்று மாற்றினேன். படம் வந்தது; கோணல்மாணலாக, ஆனால் வந்தது.

சித்தியின் பெயருக்கு எதிரே அந்த வார்த்தையை எழுதவைத்தது யார் என்று யோசித்தேன். நான்தான்.

15 மார்ச்

ஒன்றும் செய்யவில்லை. மழை.

17 மார்ச், திங்கள்

படம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகிறது, பிரிஞ்சாங் பாசார் கடைகளில் ஓடுகிற எழுத்துப் பலகை மாதிரி. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் எத்தனை புள்ளி காலி, பின்னால் எத்தனை என்று கணக்காக எழுத வேண்டுமாம். நான் குத்துமதிப்பாக எழுதியிருந்தேன்.

எல்வின் எங்கேயோ தேடி அந்தத் திரையின் விவரத்தாளை அனுப்பினான். முழுக்கச் சீனத்தில். நல்ல வேளை, எண்கள் எல்லா மொழியிலும் எண்களாகவே இருக்கின்றன.

மாலை ஐந்து மணிக்குப் படம் நின்றது. அசையாமல், நட்ட நடுவில். திரையில் முதன்முதலாக வந்த வாசகம்: 'எல்வின் ஒரு ரோசாக்'. போட்டோ எடுத்து அனுப்பினேன். "வெளிச்சம் கம்மியா இருக்கு" என்று பதில் போட்டிருக்கிறான். மானம் ரோஷம் இல்லாதவன்.

20 மார்ச்

சித்தி வேலை முடித்து வீட்டுக்கு வந்தாள். எதிரே உட்கார்ந்து, என் வாயைப் பார்த்தபடி நான் சொன்னதைக் கேட்டாள். அவள் எப்போதும் எதிரே உட்காருவது ஏன் என்று இப்போது புரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்பாள்.

மணிக்குப் பதில் ஒரு பட்டனை வைத்து அமுக்கிக் காட்டினேன். ஒன்று: 'இலை வருது'. இரண்டு: 'குறைச்சுப் போடு'. விடாமல்: திரை முழுக்கச் சிவப்பு, 'சூடு'. சித்தி கையைத் தட்டினாள். பிறகு கேட்டாள், "மணி அடிக்காதப்ப?"

"ஒண்ணும் காட்டாது. கறுப்பா, அமைதியா இருக்கும். அதான் அழகு."

"ம்," என்றாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான்தான் அடுத்த வித்தையைக் காட்ட ஓடினேன்.

22 மார்ச், சனி

திரை டிரையருக்கு மேலே ஏறியது. எஸ்டேட் எலக்ட்ரீசியன் புனிதன் அண்ணன் மணியின் வயரிலிருந்து போர்டுக்குப் பத்திரமாக ஓர் இணைப்புக் கொடுத்தார். ரிப்பன் நீளம் போதாமல் திரையைக் கவிழ்த்துத்தான் தொங்கவிட முடிந்தது.

"எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கே," என்றார் நாகரத்தினம் ஐயா.

'ஐயா தலைகீழா நின்னா சரியாயிடும்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். கோப்பில் 'நூற்றியெண்பது பாகை திருப்பு' என்று ஒரு வரி சேர்த்து, போர்டை மறுபடி தொடங்கினேன். நிமிர்ந்துவிட்டது.

நாள் முழுக்க வேலை செய்தது. பதினோரு முறை மணி, பதினோரு முறையும் சித்தி திரும்பினாள்.  ஐயா போகும்போது திரையின் மேல் விழுந்திருந்த தூளைக் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டுப் போனார்.

24 மார்ச், திங்கள்

எழுத வேணாம்னுதான் பாத்தேன்.

ஞாயித்துக்கிழமை தொழிற்சாலையக் கழுவுவாங்க. கழுவறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்ச இறக்கிடுவாங்க, திங்கக் காலையிலதான் ஏத்துவாங்க. பொறந்ததிலேர்ந்து பாக்கறேன். தெரியாதா எனக்கு? தெரியும். நெனப்பே வரல.

காலையில கரண்ட் வந்துச்சு, போர்டு எழுந்துச்சு, திரை எழும்பல. கறுப்பு. யாருக்குத் தெரியும்? மணி அடிக்கலன்னா அது கறுப்பாத்தானே இருக்கும். அப்படித்தானே நான் செஞ்சு வெச்சிருக்கேன்.

எட்டே காலுக்கு மணி விடாம அடிச்சிருக்கு. விஷயம் வெளிய வந்ததிலேர்ந்து, மணி நிக்கலன்னா யாராவது ஓடிப்போய்ச் சித்தி தோள்ல தட்டுவாங்களாம். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். இன்னிக்கு யாரும் ஓடல. திரை இருக்கேன்னு விட்டுட்டாங்க. சித்தி ரெண்டு தடவ நிமிந்து திரையப் பாத்திருக்கா. கறுப்பு. சரி, ஒண்ணுமில்லன்னு மறுபடி குனிஞ்சிருக்கா. கருகுன வாடை வந்தப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. ஒரு வண்டி இலை முழுக்கப் போச்சு.

 ஐயா திரையைக் கழற்றி, ஒரு தூள் பைக்குள் போட்டு என் கையில் கொடுத்தார்.

"ஒண்ணாந் தேதி வரைக்கும் எதுக்கு. நாளைக்கே அவ மேசைக்குப் போவட்டும்."

25 மார்ச்

குச்சி பொறுக்கும் மேசையில் சித்தி கடைசி ஆள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை.

26 மார்ச், புதன்

சித்தி வீட்டுக்குப் போனேன். எதிரே உட்கார்ந்தேன்.

"போன மாசம் அடிச்ச மணி நெஜ மணி இல்ல சித்தி. நான் வெச்சது."

இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டம்.

"எல்லாரும் ஓடுனாங்க. டீ டைமுன்னு நெனச்சேன்டி," என்றாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. "ரெண்டு வருஷமா மறைச்சு வெச்சிருந்தேன். எவ்ளோ பாடு தெரியுமா? நிமிஷத்துக்கு ஒருக்கா அந்த மணியத் திரும்பிப் பாப்பேன், ஆடுதா ஆடலையான்னு. நீ வெச்ச மணி ஆடவே இல்ல. ஒனக்கு வெளையாட்டு."

 

பிறகு அவளே திரைப் பேச்சை எடுத்தாள். "அந்தத் திரை. மணி அடிக்கலன்னாலும் கறுப்பு, அது ரோசாக் ஆனாலும் கறுப்பு. ரெண்டும் ஒண்ணு போலவே இருந்தா நான் எதை நம்புறது? என் காதும் இதேதான், சசி. அடிக்கலையா, எனக்குக் கேக்கலையா? எப்பவும் தெரியாது. அன்னிக்கே கேக்க வந்தேன். நீதான் குதிச்சுக்கிட்டு இருந்த."

"இப்ப என்ன சித்தி செய்யறது?"

"சும்மா இருக்கறப்பவும் 'நான் முழிச்சிருக்கேன்'னு அது காட்டணும். அவ்ளோதான்."

சோறு போட்டாள். சாப்பிட்டேன். மன்னித்தாளா? கேட்கப் பயமாக இருந்தது. கருவாடு போட்டாள், அதுவும் பெரிய துண்டு.

28 மார்ச், வெள்ளி

காரணம் கிடைத்துவிட்டது. வீட்டில் நான் ஒவ்வொரு முறையும் போர்டை 'ரீஸ்டார்ட்' மட்டுமே செய்திருக்கிறேன். ப்ளக்கைப் பிடுங்கியது தொழிற்சாலைக்கு எடுத்துப்போனபோது மட்டும்தான், அதுவும் சில நிமிடம். மின்சாரம் அதிக நேரம் நிற்காததால் திரை பாதி விழிப்பிலேயே இருந்திருக்கிறது, கூப்பிட்டதும் எழுந்திருக்கிறது. ஒரு நாள் முழுக்க மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதற்கு நிமிர்ந்து உட்காரக் கொஞ்சம் நேரம் வேண்டும். போர்டு அதற்குள் படத்தை அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறது.

கோப்பில், திரைக்கு மின்சாரம் தருகிற பகுதியில் ஒரே ஒரு வரி: கொடுத்தபின் இத்தனை மைக்ரோ விநாடி பொறு.

ஒரு வண்டி இலைக்கு விலை ஒரு வரி.

30 மார்ச், ஞாயிறு

ப்ளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு மாட்டுகிறேன். விடிந்ததும் குழாயடிக் குளிரில் வைத்து மாட்டுகிறேன். மத்தியானம் வெயிலில் வைத்து மாட்டுகிறேன். நாற்பத்து மூன்று முறை ஆயிற்று. நாற்பத்து மூன்றும் எழுந்தது. "அது பாவம்டி, தூங்க விடு" என்கிறாள் அம்மா.

சும்மா இருக்கும்போது காட்ட ஒரு சின்னப் பச்சை இலை வரைந்தேன். விநாடிக்கு ஒரு சின்ன எட்டு வைத்து நகரும். திரையின் ஓரம் வரை போய்த் திரும்பி வரும். இலை நின்றுவிட்டாலோ, திரை கறுத்துவிட்டாலோ நம்பாதே, மணியைப் பார். சித்தியைக் கூட்டி வந்து காட்டினேன். "இன்னும் பெருசா" என்றாள். பெரிதாக்கினேன். "இன்னும் மெதுவா. பறந்தா எனக்குத் தலை சுத்தும்." மெதுவாக்கினேன்.

1 ஏப்ரல்

வருடத்தில் எனக்கென்றே ஒரு திருநாள். இன்று நான் எதைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். வாயைத் திறக்கவில்லை.

2 ஏப்ரல், புதன்

ஐயாவிடம் முதலில் திரையைக் காட்டவில்லை. ஸ்பீக்கரைப் பற்றிச் சொன்னேன்.

 "எங்கிட்ட சொன்னாப் போதாது. அன்னிக்கு ஓடுனவங்ககிட்ட சொல்லு."

காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு அணிவகுத்து நிற்கும்போது சொன்னேன்.   புனிதன் அண்ணன், "அன்னிக்கு ஓடுன ஓட்டத்துல என் செருப்பு அறுந்துபோச்சு தெரியுமா?" என்றார். யாரோ, "அது போன வருஷமே அறுந்த செருப்புலா," என்றார்கள். அதற்குமேல் என்னைத் திட்ட ஆளில்லை. திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சித்தி கடைசி வரிசையில் நின்றாள். அவ்வளவு தூரத்தில் என் வாய் அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

பிறகு ஐயாவே திரையை மாட்டச் சொன்னார். ப்ளக்கைத் தன் கையால் பிடுங்கினார். மாட்டினார். இலை நடந்தது. மறுபடி பிடுங்கினார். ஆறு முறை. ஆறாவது முறை பிடுங்கிவிட்டு, டீ குடிக்கப் போய், அரை மணி கழித்து வந்து மாட்டினார். இலை நடந்தது.

"அவளுக்குப் பதிலா நிக்கற சாம்பசிவம் டிரையர்லயே இருக்கட்டும். திலகா பக்கத்துல நிக்கட்டும். ரெண்டு ஞாயித்துக்கிழமை தாண்டட்டும், பாப்போம்."

11 ஏப்ரல்

இப்போது டிரையரில் நிற்கிற சாம்பசிவம் மாமாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தும் திரையைத்தான் பார்க்கிறார். "ரோலர் ஓடறப்ப யாருக்குலா ஒழுங்காக் கேக்குது? சும்மா கேக்கற மாதிரி நடிக்கறோம்," என்கிறார்.

14 ஏப்ரல், திங்கள்

இரண்டாவது ஞாயிறு தாண்டியது. காலை மெயின் சுவிட்ச் ஏறும்போது நான் அங்கே நின்றேன். ஐயாவும் நின்றார். இரண்டு பேருமே தற்செயலாக அந்தப் பக்கம் வந்த மாதிரி நடித்தோம். இலை நடந்தது.

23 ஏப்ரல், புதன்

சித்தியோடு தானா ராத்தா ஆஸ்பத்திரி. காது பார்க்க. அவளேதான் போகலாம் என்றாள். ரெக்கார்டில் ஏறிவிடுமே என்று இரண்டு வருடமாக இந்தப் பக்கமே வராதவள்.

கூட்டம். பெயர் கூப்பிடுவார்கள், நாம் போக வேண்டும். சித்திக்குப் பதிலாக நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் எழுந்து நர்ஸ் இருந்த கவுண்டருக்குப் போனாள். அவள் குரலை அவளால் அளக்க முடியாது. ஹால் முழுக்கக் கேட்டது.

"மிஸி, எனக்குக் காது கேக்காது. பேரக் கூப்பிட்டாத் தெரியாது. கையத் தூக்கிக் காட்டுங்க, நான் பாத்துக்கிட்டே இருப்பேன். ரெண்டு மணிக்கு டிரையர்ல நிக்கணும், கொஞ்சம் சீக்கிரமா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து கறிபாப் எடுத்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

மிஸி கையைத் தூக்கியதை நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது சித்தி பாதித் தூரம் போயிருந்தாள்.